பதினோராவது இடையூறு

பஸ் நிலையத்தில் அறிவிப்பாளராகப் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்த ஒருவருக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவருடைய ஒன்பது வயது மகளுக்குக் கவனம் நிற்கவில்லையாம். உடனே நேரில் வரவேண்டுமாம். அவர் அதை இரண்டு முறை சத்தமாக வாசித்தார். எதையும் சத்தமாக வாசித்தால்தான் அவருக்குப் புரியும். தொழில் அப்படி.

கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, கையில் கொடுத்த தாளில் இருப்பதை ஒலிபெருக்கியில் வாசிப்பது அவர் வேலை. எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு எந்த நடைமேடைக்கு வரும் என்று அவர் சொன்னால் ஆயிரம் தலைகள் ஒரே நேரத்தில் திரும்பும். தாளில் இல்லாத ஒரு வார்த்தையை அவர் பேசியதே இல்லை. ஒருமுறை ஒரு பேருந்து வழியில் அச்சு முறிந்து கிடந்தது. தாளில் அது வருவதாகத்தான் இருந்தது. அவர் அதை ஆறு முறை அறிவித்தார். ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஆறு முறை ஓடினார்கள். அவர் மேல் தவறில்லை என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள்.

மகளை வீட்டில் சுண்டு என்று கூப்பிடுவார்கள். பிறந்தபோது அவள் சுண்டுவிரல் அளவுக்குத்தான் இருந்தாள். உடம்பில் விட்டதைக் காதில் பிடித்துக்கொண்டவள். படியேறும் செருப்புச் சத்தத்தை வைத்தே, அம்மாவுக்கு இன்று தையல் ஆலையில் திட்டு விழுந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவாள். மாடிவீட்டுக் கைக்குழந்தை எந்த அழுகையைப் பசிக்கு அழுகிறது, எதைச் சும்மா அழுகிறது என்பது அந்தக் குழந்தையின் தாய்க்கு முன்னால் சுண்டுவுக்குத் தெரியும். இது ஒரு நோய் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருந்தது.

தலைமையாசிரியை அவரை நிற்கவைத்தே பேசினார்.

"கணக்குப் பரீட்சை நடுவுல உங்க பொண்ணு எழுந்து நின்னிருக்கா. பின் பெஞ்சுல ஒருத்தி பத்து நிமிஷமா அழுதுட்டு இருக்கான்னு டீச்சர்கிட்ட சொல்லியிருக்கா."

"அந்தப் பொண்ணு அழுதுச்சாங்க மேடம்?"

"அழுதுச்சு. அதுவா இப்ப பேச்சு? வகுப்புல நாற்பத்தோரு பிள்ளைங்க. அழுதவளைக் கழிச்சுடுங்க. உங்க பொண்ணையும் கழிச்சுடுங்க. மிச்சம் முப்பத்தொன்பது பேருக்கு அந்த அழுகை கேட்கல. டீச்சருக்கும் கேட்கல. அப்போ கோளாறு யார்கிட்ட இருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

அறிவிப்பாளர் யோசித்துப் பார்த்தார். கணக்குப்படி கோளாறு அவர் வீட்டில்தான் இருந்தது.

"ஆனா அவ நல்லா படிப்பாளே மேடம்."

"படிக்கிறா. அதனாலதான் இத்தனை நாள் எங்களால கண்டுபிடிக்க முடியல." தலைமையாசிரியை ஒரு தாளை நீட்டினார். இந்த வருஷம் முதல் கவனச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு அடுத்த வகுப்பு கிடையாது. மேலிடத்து உத்தரவு. அவர் தாளை வாங்கிக்கொண்டார். தாள் என்று கையில் வந்துவிட்டால் அதற்கு மேல் அவர் எதையும் கேட்பதில்லை.

கவன வளர்ச்சி மையம் ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. காத்திருக்கும் கூடத்தில் மூன்று சுவர்களிலும் தொலைக்காட்சிப் பெட்டிகள். மூன்றிலும் மைய இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். ஒரு பெட்டியில் அவர் வணக்கம் சொல்லும்போது அடுத்ததில் புள்ளிவிவரம் சொன்னார், மூன்றாவதில் நன்றி சொன்னார். உட்கார்ந்திருந்த பிள்ளைகள் இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். யார் எத்தனை முறை திருப்புகிறார்கள் என்று கூரையில் ஒரு கேமரா எண்ணிக்கொண்டிருந்தது. மூன்றரை மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டபோது சுண்டுவின் கோப்பில் ஆயிரத்து இருநூறு திருப்பல்கள் சேர்ந்திருந்தன.

"ரொம்ப முத்தின கேஸ்," என்றார் இயக்குநர், கைபேசியைப் பார்த்துக்கொண்டே. "பையன் என்ன படிக்கிறான்?"

"பொண்ணுங்க சார்."

"ஆமா. கவனம்னா என்னன்னு நிறைய பெத்தவங்களுக்குத் தெரியறதில்ல. காட்டறதைப் பார்க்கிறது கவனம். காட்டாததைப் பார்க்கிறது சிதறல். உங்க பையன்..." கைபேசி அடித்தது. அவர் எடுத்து யாரோடோ ஒரு வீட்டுமனை பற்றிப் பேசினார். வைத்தார். "எங்க விட்டேன்?"

"காட்டாததைப் பார்க்கிறது சிதறல்னு சொன்னீங்க," என்றாள் சுண்டு. "அப்புறம் அந்த மனையில தண்ணி வசதி இல்லைன்னு சொன்னீங்க."

இயக்குநர் அவளை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். பிறகு கோப்பில் ஒரு வரி எழுதினார். ஒட்டுக்கேட்கும் பழக்கம் உண்டு என்பது அந்த வரி.

வைத்தியம் ஒரு விளையாட்டுதான். அதன் பெயர் மனப்படகு. குழந்தையின் தலையில் ஒரு தொப்பியை மாட்டுவார்கள். உள்ளே உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சுகள். பஞ்சுக்கு ஒன்றாக வயர்கள். எதிரே ஒரு திரை, அதில் ஒரு ஏரி, ஏரியில் ஒரு படகு. கை வைக்க ஒரு பொத்தான்கூடக் கிடையாது. மனசு படகிலேயே நின்றால் மூளையின் மின்னலைகளைத் தொப்பி படித்துச் சொல்லும், படகு நகரும். மனசு வேறெங்காவது போனால் படகு நின்றுவிடும், அப்புறம் ஓட்டை விழுந்து தண்ணீர் ஏறும், அப்புறம் மூழ்கும். மூழ்கும்போது திரையில் ஒரு சோகமான முகம் வந்து, 'நீ எங்கே போனாய்?' என்று கேட்கும்.

தொப்பி மாட்டும் பெண்ணைப் பிள்ளைகள் தொப்பியக்கா என்றார்கள். முதல் நாள் அவள் சுண்டுவின் தலையில் பஞ்சுகளை அழுத்தி வைத்தாள். கழுத்து வழியாக உப்புத் தண்ணீர் முதுகில் இறங்கியது. படகு ஒரு முழம் நகர்ந்தது. நின்றது.

"அக்கா, உங்க கையில என்ன கட்டு?"

"சுட்டுக்கிட்டேன். திரையைப் பாரு."

"எண்ணெயா, தண்ணியா?"

தொப்பியக்கா கையைத் திருப்பிக் கட்டைப் பார்த்தாள். கட்டுப் போட்டு நாலு நாள் ஆகியிருந்தது. இதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. "தண்ணிம்மா," என்றாள். அதற்குள் படகு மூழ்கிவிட்டது. தொப்பியக்கா படிவத்தை எடுத்து, 'காரணம்' என்ற கட்டத்தில், 'பரிவு' என்று எழுதினாள். அவள் வேலை அது.

மூன்று வாரத்தில் சுண்டுவுக்குப் படகு பழகிவிட்டது. அறையில் யாரும் இல்லாமல், கதவைச் சாத்திவிட்டால் அக்கரைக்கு ஒரே மூச்சில் ஓட்டிக்கொண்டு போனாள். அறிவிப்பாளருக்கு மனசு குளிர்ந்தது. சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்று கேட்டார்.

"யாரும் இல்லாத இடத்துல யார் வேணும்னாலும் கவனமா இருக்கலாம்," என்றார் இயக்குநர். "உலகத்துல ஆள் இருக்காங்களே."

பத்து இடையூறுகள் என்று ஒரு கையேடு கொடுத்தார்கள். படகு போய்க்கொண்டிருக்கும்போது பின்னால் மணி அடிப்பார்கள்; குழந்தை திரும்பக் கூடாது. அது முதலாவது. தட்டுகளைக் கீழே போடுவார்கள். பூனைக்குட்டி மாதிரிக் கத்துவார்கள். அதற்கென்று இருந்த ஊழியருக்குப் பதவி உயர்வு வந்தபின் பூனை கொஞ்சம் அதிகாரமாகக் கத்தியது. பக்கத்து அறையில் பிறந்தநாள் கொண்டாடுவார்கள், குழந்தையின் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்கள், இன்னொரு குழந்தையைக் கிள்ளி அழவைப்பார்கள். கிள்ளுவதற்குப் பெற்றோரிடம் ஒப்புதல் கையெழுத்து முன்கூட்டியே வாங்கிவிடுவார்கள், அறிவிப்பாளரும் போட்டிருந்தார். சுண்டு அழுகைக்குத்தான் பலநாள் திரும்பினாள். பிறகு அதையும் கடந்தாள். கிள்ளப்பட்ட குழந்தைக்கு வலிக்கவில்லை, அதற்கு ஒரு மிட்டாய் கொடுக்கிறார்கள் என்று தொப்பியக்கா சொல்லிக்கொடுத்திருந்தாள்.

பத்தாவது இடையூறு பெற்றோரின் அபயக் குரல். இதை வீட்டில் பயிற்சி செய்ய வேண்டும். ஒரு சின்னத் தொப்பியும் ஒரு சின்னத் திரையும் கொடுத்து அனுப்பினார்கள். கையேட்டில் வசனம் அச்சிட்டிருந்தது.

வீட்டில் சுண்டு கூடத்தில் உட்கார்ந்தாள். அறிவிப்பாளர் சமையலறையில் பாயைப் போட்டுப் படுத்து, கையேட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, பஸ் நிலையத்துக் குரலில் வாசித்தார். "சுண்டு. அப்பா கீழே விழுந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. உடனே வா."

தடதடவென்று ஓடிவரும் சத்தம். தொப்பி பாதித் தலையில் தொங்க, வயர் தரையில் இழுபட, அவள் வந்து அவர் தலைக்கடியில் கை கொடுத்தாள். பஞ்சு ஒன்று கழன்று அவர் நெற்றியில் விழுந்தது.

"எங்கப்பா அடிபட்டுச்சு?"

"அடியெல்லாம் படலம்மா. பயிற்சிக்குத்தான் சொன்னேன். நீ வரக் கூடாது."

அவள் அவர் தலையை மெதுவாகக் கீழே வைத்தாள். அவர் படுத்தபடியே படிவத்தில், 'திரும்பினாள்' என்ற கட்டத்தில் குறி போட்டார்.

அவர் மனைவி வாசலில் செருப்பைக் கழற்றாமல் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆலையில் தைத்து வரும் சட்டைகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. ஒருநாளைக்கு எண்ணூறு சட்டை. அதில் ஒரு தையல் விட்டிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

"நான் ஒண்ணு சொல்லிடறேங்க," என்றாள். "என்னை இதுல கூப்பிடாதீங்க. நான் கூப்பிட்டா அவ வரணும்."

"சான்றிதழ் வேணும்ல."

"அவ வராம இருக்கிறதுக்கா சான்றிதழ்?"

இதற்குக் கையேட்டில் பதில் இல்லை. மறுநாள் அவர் மையத்தில் கேட்டார். இயக்குநர் கோப்பில், 'தாய்: ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதிக்கொண்டார். அறிவிப்பாளருக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது. அது மகள் கேட்டுவிட்ட கேள்வி.

"சார், நிஜமாவே நான் விழுந்துட்டா, அது நிஜம்னு பாப்பாவுக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சு?"

"வருவா இல்லீங்களா."

"வந்து?" இயக்குநர் கைபேசியைக் கீழே வைத்தார். அவ்வளவு கவனமாக அவர் யாரிடமும் பேசியதில்லை. "ஒன்பது வயசுப் பையன் வந்து என்ன செய்யப்போறான்? அழுவான், தண்ணி கொடுப்பான். மயங்கினவங்களுக்குத் தண்ணி கொடுக்கக் கூடாதுன்னு டாக்டருங்களே சொல்றாங்க. யோசிச்சுப் பாருங்க. அவன் வராம இருக்கிறதுதான் உங்க உயிருக்கு நல்லது."

அறிவிப்பாளர் யோசித்துப் பார்த்தார். அதுவும் சரியாகத்தான் இருந்தது.

ஆறு வாரம் அவர் தினமும் சமையலறையில் விழுந்தார். ஒரே வசனத்துக்குப் பழகிவிடக் கூடாது என்று கையேட்டில் வேறு வேறு விபத்துகள் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் அவர் மேல் கொதிநீர் கொட்டியது. ஒருநாள் நெஞ்சு வலித்தது. ஒருநாள் அவரைப் பாம்பு கடித்தது, மூன்றாவது மாடி வீட்டில். முதலில் அவள் ஓடிவந்தாள். பிறகு எழுந்து நின்று, "நிஜமாப்பா?" என்று அங்கிருந்தே கேட்டாள். பிறகு உட்கார்ந்தபடி கேட்டாள். பிறகு கேட்கவில்லை, கழுத்து மட்டும் கொஞ்சம் விறைக்கும், அவ்வளவுதான். ஒரு வெள்ளிக்கிழமை அதுவும் நின்றது. அன்று அவர் நெஞ்சு வலி வசனத்தைத் தன்னை அறியாமல் நன்றாகவே வாசித்திருந்தார். கீழ்வீட்டுக்காரர் மாடியேறி ஓடிவந்து கதவைத் தட்டினார். கூடத்தில் படகு அக்கரை சேர்ந்து பாட்டுப் போட்டது.

அறிவிப்பாளர் படிவத்தில், 'திரும்பவில்லை' என்ற கட்டத்தில் குறி போட்டார். பேனா சரியாக எழுதவில்லை. இரண்டு முறை அழுத்திப் போட வேண்டியிருந்தது.

மையத்தின் ஆண்டு விழாவில் பத்து இடையூறுகளையும் மேடையில் தாங்கிக் காட்டச் சுண்டுவைத் தேர்ந்தெடுத்தார்கள். துறைச் செயலாளர் தலைமை விருந்தினர். அவர் மாலையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். ஆழ்ந்து கேட்கும்போது அவர் அப்படித்தான் இருப்பார் என்று உதவியாளர் முன்வரிசைக்கு விளக்கினார்.

இயக்குநர் பேசினார். "முன்பெல்லாம் ஒரு குழந்தை அழுதால் பக்கத்துக் குழந்தையும் அழும். அதைப் பார்த்து மூன்றாவது குழந்தை அழும். இந்தத் தொற்று எத்தனை தலைமுறைகளாக நம்மைப் பின்னுக்கு இழுத்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எங்களிடம் பயின்ற குழந்தை, பக்கத்தில் தீப்பிடித்தாலும் படகை விடாது. இதை நாங்கள் சோதித்தும் பார்த்துவிட்டோம். யாருக்கும் பெரிய காயம் இல்லை." அரங்கம் கைதட்டியது.

சுண்டுவை மேடை நடுவில் உட்காரவைத்தார்கள். பெரிய திரையில் ஏரி. மணி அடித்தது, தட்டுகள் விழுந்தன, பூனை கத்தியது, கிள்ளப்பட்ட குழந்தை வீறிட்டது. படகு கோடு போட்ட மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. ஏழாவது நிமிஷம் அவளுக்குப் பின்னால் பத்தடி தள்ளி அறிவிப்பாளரை ஒலிபெருக்கி முன்னால் நிறுத்தினார்கள். கையில் தாள். வாசிக்க வேண்டியதெல்லாம் நாலு வரி.

அவர் வாயைத் திறந்தார். திறந்த கணத்தில் மகளின் பின்கழுத்து தெரிந்தது. தொப்பியிலிருந்து ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் காதுக்குப் பின்னால் இறங்கி, கழுத்து வழியாகச் சட்டைக்குள் போயிற்று. அவள் துடைக்கவில்லை. சிலிர்க்கவும் இல்லை. முன்பெல்லாம் காதோரம் ஒரு பூச்சி பறந்தால் ஊரைக் கூட்டுவாள்.

அவருக்குச் சத்தம் வரவில்லை. வாசிக்கக் கூடாது என்று அவர் முடிவு செய்தார் என்று சொல்ல முடியாது. அவர் அப்படி முடிவு செய்கிற ஆள் இல்லை. தாளில் எழுத்து தெளிவாகத்தான் தெரிந்தது. அரை நிமிஷம் போயிற்று. ஓரத்திலிருந்து இயக்குநர், "வாசிங்க, வாசிங்க" என்று கையைச் சுழற்றினார். ஒரு நிமிஷம் ஆயிற்று. அரங்கத்தில் இருமல்கூட இல்லை.

சுண்டு திரும்பினாள்.

படகு நின்றது. ஓட்டை விழுந்தது. அவள் தொப்பியைத் தானே கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, ஈரத் தலையோடு அவரிடம் வந்தாள்.

"ஏன்ப்பா கூப்பிடல?" என்றாள் மெதுவாக. "நிஜமா ஏதாவது ஆயிடுச்சா?"

ஒலிபெருக்கி திறந்திருந்ததால் அது கடைசி வரிசைவரை கேட்டது. பெரிய திரையில் சோகமுகம் வந்து, 'நீ எங்கே போனாய்?' என்று கேட்டது. அறிவிப்பாளர் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். ஒன்பது வயசுப் பிள்ளையை யாரும் அப்படித் தூக்குவதில்லை. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

அத்தோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அந்த மௌனத்தில் செயலாளர் விழித்துக்கொண்டார். இருபத்தெட்டு வருஷப் பணிக்காலத்தில் மேடைகளில் அவர் எத்தனையோ சத்தத்தில் தூங்கியிருக்கிறார். அமைதியில் தூங்கிப் பழக்கமில்லை.

"என்ன ஆச்சு?" என்றார்.

இயக்குநர் முகத்தில் ஈயாடவில்லை. அது ஒரு நொடிதான். அடுத்த நொடியில் அவர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, இதைத்தான் இன்று தங்கள் முன்னிலையில் வெளியிட இருந்தோம். பத்து இடையூறுகளையும் வென்ற குழந்தையையே கவிழ்த்த பதினோராவது இடையூறு. பெற்றோரின் மௌனம். உலகில் இதுவரை யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை."

செயலாளர் மூழ்கும் படகைப் பார்த்தார். "கருவி ஏதாவது வாங்கணுமா?"

"ஒரு அப்பா போதும் ஐயா."

"நல்ல திட்டம்," என்றார் செயலாளர்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. பதினோராவதையும் தாண்டினால்தான் இனிச் சான்றிதழ். பஸ் நிலைய அறிவிப்பாளர் அயற்பணியில் கவன வளர்ச்சி மையத்துக்கு அனுப்பப்படுகிறார். பதவியின் பெயர், மௌன உதவியாளர். அங்கே சேர்வதற்கு முன் பஸ் நிலையத்தில் இரண்டு நாள் அவரை ஒரு பஞ்சு அடைத்த அறையில் உட்காரவைத்து ஊர்ப் பெயர்கள், எண்கள், மணி, நிமிஷம், 'வருந்துகிறோம்' எல்லாவற்றையும் தனித்தனியாகப் பேசவைத்துப் பதிந்துகொண்டார்கள். இனிமேல் கணினியே அவற்றைக் கோத்துச் சொல்லிக்கொள்ளும்.

"முடியாதுன்னு சொல்லுங்க," என்றாள் மனைவி. "ஒரு வருஷம் போனா போகுது. அவ அதே வகுப்புல இருக்கட்டும்."

"உத்தரவு வந்துடுச்சே," என்றார் அவர். அந்த ஒரு நிமிஷ மௌனம் தன்னுடையது என்று அவர் கொஞ்சநாள் நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது அதுவும் தாளில் ஏறிவிட்டது.

காலை பத்து மணிக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். படகு ஓட்டும் பிள்ளைகளுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். கூப்பிடப்போவதாக மூச்சை இழுத்துவிட்டு, கூப்பிடாமல் இருக்க வேண்டும். மாலை ஐந்து வரை இதுதான் வேலை. நடுவில் உணவு இடைவேளை, அப்போது பேசலாம். முதல் வாரம் எல்லாப் பிள்ளைகளும் திரும்பினார்கள். பின்னால் ஒரு பெரிய ஆள் மூச்சை இழுத்துவிட்டுப் பேசாமல் நின்றால் எந்தப் பிள்ளையும் திரும்பத்தான் செய்யும். இயக்குநர் வந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரைத் தனியே அழைத்துப் போனார்.

"உங்க மௌனம் நல்லா இருக்கு. ஆனா அதுல பாசம் கொஞ்சம் தூக்கலா இருக்கு. குறைங்க."

"எப்படிங்க சார் குறைக்கிறது?"

"உங்க சொந்தப் பிள்ளைன்னு நினைக்காதீங்க. ஃபைல்னு நினைங்க. எங்களுக்கெல்லாம் பழகல?"

அவர் பழகினார். ஒவ்வொரு பிள்ளையாகத் திரும்புவதை நிறுத்தியது. தேர்ச்சி பெற்ற பிள்ளைகளின் பெற்றோர் வந்து அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். ஒரு தாய் அழுதேவிட்டாள்; அவள் பையன் முன்பெல்லாம் அவள் முகம் வாடினால் சாப்பிடமாட்டானாம், இப்போது வயிறாரச் சாப்பிடுகிறானாம். அவர் தலையாட்டினார். வேலை நேரத்தில் பேசக் கூடாது. ஒருநாள் பஸ் நிலையம் வழியாக நடந்து போனபோது ஐந்தாம் நடைமேடைக்கு ஒரு பேருந்து வருவதாக அவருடைய குரல் சொன்னது. யார் அது என்று அவரே திரும்பிப் பார்த்தார்.

சுண்டு மட்டும் திரும்பிக்கொண்டே இருந்தாள். மற்றப் பிள்ளைகளுக்குப் பின்னால் நிற்பது யாரோ ஒரு ஆள். இவளுக்குப் பின்னால் நிற்பது அப்பா. அவர் மூச்சை இழுத்தால் போதும், கழுத்து விறைத்துவிடும். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம், சில நாள் இரண்டு நிமிஷம்கூடத் தாங்குவாள். பிறகு திரும்பி அவர் முகத்தைப் பார்ப்பாள். அவர் பேசக் கூடாது. படகு மூழ்கும். தொப்பியக்கா, 'காரணம்' என்ற கட்டத்தில், 'அப்பா' என்று எழுதுவாள். அந்த ஒவ்வொரு முறையும் அவர் உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் பட்டுக்கொண்டார். அதை யாரிடமும் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் திறக்கப் பதினைந்து நாள்தான் இருந்தது. அவள் தோற்பதில் சந்தோஷப்படுவது தகப்பன் செய்கிற வேலையா என்று தன்னையே திட்டிக்கொள்வார். திட்டிவிட்டு மறுநாளும் சந்தோஷப்படுவார்.

பள்ளி திறக்க மூன்று நாள் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் வழக்கம்போல அவளுக்குப் பின்னால் போய் நின்றார். மூச்சை இழுத்தார். கூப்பிடவில்லை. ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று. அவர் அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது விறைக்கவில்லை. மூன்றாவது நிமிஷம் விதிகளில் இல்லாத ஒன்றைச் செய்தார். செருப்புக் காலை லேசாகத் தரையில் தேய்த்தார். அவளுக்குத் தெரியாத செருப்புச் சத்தம் அந்த வீட்டில் கிடையாது. படகு அலுங்காமல் போயிற்று. ஐந்தாவது நிமிஷம் அக்கரை சேர்ந்து பாட்டுப் போட்டது.

அறைக்கு வெளியே இருந்தவர்களெல்லாம் உள்ளே வந்து கைதட்டினார்கள். இயக்குநரே வந்து சான்றிதழைக் கொடுத்தார். இவர் எதற்கும் திரும்பமாட்டார் என்று இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது என்று அழகான எழுத்தில் அச்சிட்டிருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு பையனின் பெயர் இருந்தது. அதைப் பேனாவால் அடித்துத் திருத்திக் கொடுத்தார்கள். தொப்பியக்கா ஒரு துண்டு கொண்டுவந்து அவள் கழுத்து ஈரத்தைத் துடைத்தாள். சுண்டு துடைக்கக் கொடுத்தபடி நேரே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஐந்து மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். தெருவில் லாரி ஒன்று விடாமல் ஹார்ன் அடித்தது. சைக்கிளில் போன ஒருவர் பை கிழிந்து வெங்காயம் சாலையெல்லாம் உருண்டது. நாலைந்து பேர் ஓடிப் பொறுக்கினார்கள். சுண்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு கோடு போட்ட மாதிரி நடந்தாள். முச்சந்தியில் அவர் நடையைக் குறைத்தார். அங்கே கேட்டார்.

"இன்னிக்குத் திரும்பிப் பார்க்கணும்னு உனக்குத் தோணவே இல்லையாம்மா?"

"தோணுச்சுப்பா."

"அப்புறம்?"

"தோணினா, அதை எடுத்து மனசுல எங்கயாவது ஓரமா வச்சிடணும்னு தொப்பியக்கா சொல்லிக்கொடுத்தாங்க. வச்சிட்டேன்."

அவர் நின்றுவிட்டார். அவள் இரண்டடி போய், கை இழுபடவும் நின்றாள்.

"எங்கம்மா வச்சே?"

சுண்டு நன்றாக யோசித்தாள். இவ்வளவு நாள் படகை ஓட்டிய அதே கவனத்தோடு, புருவத்தைச் சுருக்கி, உள்ளே எல்லா இடத்திலும் தேடிப் பார்த்தாள்.

"தெரியலப்பா," என்றாள்.